குட்டைச் சிவப்பு ரோஜாவின் கோளாறுகள்: ஏற்காட்டிலும் சேலத்திலும் அறிகுறி பார்த்துத் தீர்க்கும் முறை

ஏற்காட்டில் எங்கள் வீட்டு முன்புறம் கல்கட்டின் மேலுள்ள சிறு பாத்தியில் கொத்தாகப் பூக்கும் ஃபுளோரிபண்டா வகையைச் சேர்ந்த ஒன்பது சிவப்பு ரோஜாச் செடிகள் நிற்கின்றன. அவற்றோடு ஒரே நாளில் ஒரே பண்ணையில் வாங்கிய இன்னும் ஆறு செடிகள் சேலத்தில், மாமாங்கத்துக்கு அருகே என் தங்கை வீட்டு வாசலில் நிற்கின்றன. ரகம் ஒன்று, வயது ஒன்று, ஒட்டுக் கட்டிய கையும் ஒன்றுதான். ஆனால் இரண்டு வீடுகளுக்கும் இடையே இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர வேறுபாடும் இருப்பதால், ஒரே அறிகுறி இரண்டு இடத்திலும் ஒரே நோயைக் குறிப்பதில்லை. இதை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன். தங்கை தொலைபேசியில் "இலை மஞ்சளாகிறது, அக்கா" என்று சொன்னபோதெல்லாம், என் செடியின் மஞ்சளை மனத்தில் வைத்துக்கொண்டு மருந்து சொன்னேன். இரண்டு ஆண்டுகள் அவள் செடிகள் தேறவே இல்லை.

அதனால் எந்த அறிகுறியைக் கண்டாலும், தெளிப்பானைக் கையில் எடுப்பதற்கு முன் மூன்று செய்திகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். கோளாறு முதலில் தென்பட்டது அடியிலுள்ள முதிர்ந்த இலையிலா, நுனியிலுள்ள இளம் இலையிலா என்பது ஒன்று. இலையின் மேற்புறத்தில் இருப்பது என்ன, அதைத் திருப்பினால் அடிப்புறத்தில் இருப்பது என்ன என்பது மற்றொன்று. கடந்த பத்து நாட்களில் மழையா, பனிமூட்டமா, வறண்ட வெயிலா என்பது மூன்றாவது. கீழே சொல்லும் எல்லாமே இந்த மூன்றையும் ஒட்டியே அமைந்திருக்கின்றன.

இலை மஞ்சளாகிறது

சேலத்துத் தோட்டங்களில் மிகுதியாகக் காணப்படும் மஞ்சள், நுனித் தளிரிலிருந்து தொடங்கும். இளம் இலையின் பரப்பு வெளிறி எலுமிச்சை நிறமாக, நரம்புகள் மட்டும் பச்சை வலை பின்னியதுபோல் தெளிவாகத் தெரியும். அடியிலுள்ள பழைய இலைகள் ஓரளவு நன்றாகவே இருக்கும். இது இரும்புச் சத்துக் குறை. மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. மண்ணின் கார அமில நிலை (pH) 7.5ஐத் தாண்டும்போது இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது, வேர் அதை எடுத்துக்கொள்ள முடிவதில்லை. மாமாங்கம், கருப்பூர் பகுதிகள் வெள்ளைக்கல் எனப்படும் மாக்னசைட் வெட்டியெடுக்கப்படும் நிலம். அங்கே மண்ணும் காரம், ஆழ்குழாய்க் கிணற்றுத் தண்ணீரும் கடினநீர். தண்ணீர் ஊற்ற ஊற்றக் காரம் கூடிக்கொண்டே போகும். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். காய்ந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து அதன்மேல் வினிகர் விட்டால், சுண்ணாம்பு மிகுந்த மண்ணாக இருந்தால் நுரைக்கும்.

நான் தங்கைக்குச் சொல்லிக்கொண்டிருந்தது எப்சம் உப்பு. அது மக்னீசியம் சல்பேட். மாக்னசைட் என்பதே மக்னீசியம் கார்பனேட். அது கிடக்கும் நிலத்தில் மக்னீசியத்துக்குப் பஞ்சம் ஏது? ஏற்கெனவே மிகுந்திருப்பதை மேலும் போட்டால், செடி பொட்டாசியம் எடுத்துக்கொள்வதும் தடைப்படும். அவள் செடிகளுக்கு நான் செய்தது உதவியல்ல என்பதை அவள் வீட்டு மண்ணை நேரில் கிளறிப் பார்த்த பிறகே உணர்ந்தேன். ரோஜா வளர்ப்பவர்கள் எல்லோரும் எப்சம் உப்பைப் பரிந்துரைக்கிறார்கள். சேலத்தின் இந்தப் பகுதியில் இருப்பவர்கள் அந்தப் பரிந்துரையை ஏற்காமல் இருப்பதே நல்லது.

அங்கே செய்ய வேண்டியது இது. உடனடியாக, அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) 3 முதல் 5 கிராம் வரை எடுத்து 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து, சில துளி எலுமிச்சைச் சாறு சேர்த்து, மாலை வெயில் தணிந்த பின் இலையில் தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை தெளித்தால் புதிதாக வரும் தளிர் பச்சையாக வரும். இதை மண்ணில் கொட்டுவதால் பயனில்லை. கார மண் அந்த இரும்பையும் பூட்டி வைத்துக்கொள்ளும். மண்ணில் இடுவதற்கென்று செலேட் இரும்பு வாங்குபவர்கள், உறையின் மேல் ஈ.டி.டி.எச்.ஏ. என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். ஈ.டி.டி.ஏ. என்று எழுதியிருக்கும் மலிவான வகை கார மண்ணில் நிலைத்து நிற்பதில்லை. நிரந்தரத் தீர்வு தண்ணீரிலும் பாத்தியிலும் இருக்கிறது. ஓர் அடி உயரம் மேடை கட்டி, செம்மண், மக்கிய சாணம், மணல் கலந்து நிரப்பி, மேட்டூர் தண்ணீரோ சேமித்த மழைநீரோ ஊற்றத் தொடங்கிய பிறகுதான் தங்கை வீட்டுச் செடிகள் அடர்பச்சைக்குத் திரும்பின.

ஏற்காட்டில் மஞ்சள் கீழிருந்து வருகிறது. முதிர்ந்த இலைகளின் நரம்பிடைப் பகுதி வெளிறி, நடுநரம்பை ஒட்டி மட்டும் பச்சை எஞ்சும். நுனித் தளிர் நன்றாக இருக்கும். சேர்வராயன் மலையின் மேற்பரப்பில் பாக்சைட்டும் செம்புறை மண்ணும் இருக்கின்றன. ஆண்டுதோறும் பெய்யும் மழை, சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்துக் கொண்டுபோய்விடுவதால் மண் அமிலமாகிறது. பக்கத்தில் ஹைட்ரேஞ்சியா வைத்திருந்தால் அதுவே சொல்லிவிடும். அது நீலமாகப் பூத்தால் மண் அமிலம் என்று கொள்ளலாம். ரோஜாவுக்குக் கார அமில நிலை 6 முதல் 6.5 வரை இருப்பது போதும். செடிக்கு 50 கிராம் டோலமைட் சுண்ணாம்பு, ஆண்டுக்கு இரண்டு முறை, மேல்மண்ணில் கலந்துவிட்டால் சுண்ணாம்பும் மக்னீசியமும் ஒருசேரக் கிடைத்துவிடும். எப்சம் உப்புக்கு உண்மையான இடம் இங்கேதான். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து இலையில் தெளித்தால் இரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். சாணமும் டோலமைட்டும் ஒரே நாளில் போடக்கூடாது, சாணத்திலுள்ள தழைச்சத்து காற்றில் போய்விடும்.

இரண்டு இடத்துக்கும் பொதுவான மஞ்சள் ஒன்று உண்டு. அடி இலைகள் நரம்பும் பரப்பும் சேர்ந்து ஒரே சீராக வெளிறி, செடி முழுவதுமே சோர்ந்து காணப்பட்டால் தழைச்சத்துக் குறை, அல்லது வேரில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. ஒரு சாண் ஆழம் தோண்டிப் பார்த்தால் எது என்று விளங்கும். சேலத்துப் பக்கம் ஜவ்வரிசி ஆலைகளில் கிடைக்கும் கிழங்குத் திப்பியைச் சிலர் அப்படியே செடியைச் சுற்றிக் கொட்டுகிறார்கள். மக்காத திப்பி மக்கும்போது மண்ணிலிருக்கும் தழைச்சத்தைத் தனக்கு இழுத்துக்கொள்ளும், செடி வெளிறும். அதைச் சாணத்தோடு சேர்த்துக் குழியில் மக்கவைத்த பிறகே போட வேண்டும்.

புதுத் தளிர் கருஞ்சிவப்பாக வருவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெதர்லாந்தில் உருவாகி 1960களில் வெளிவந்த யூரோப்பியானா போன்ற சிவப்பு ரகங்களில் தளிர் அப்படித்தான் இருக்கும். இலை முதிரும்போது பச்சையாகிவிடும்.

இலையில் கரும்புள்ளி விழுந்து உதிர்கிறது

ஏற்காட்டில் ரோஜா வளர்ப்பவர் எவரும் தப்ப முடியாத நோய் இது. ஜூன் முதல் டிசம்பர் வரை அடி இலைகளில் கருநிறப் புள்ளிகள் தோன்றி, புள்ளியைச் சுற்றி மஞ்சள் பரவி, இலை தொட்டாலே உதிர்ந்துவிடும். அக்டோபர் முடிவதற்குள் செடி நுனியில் மட்டும் நான்கு இலைகளோடு குச்சியாக நிற்கும்.

முதலில் இது உண்மையான கரும்புள்ளி நோய்தானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். நோய்ப் புள்ளியின் ஓரம் ஒழுங்காக இராது. மை ஊறியதுபோல் நார்நாராகப் பிரிந்திருக்கும். ஓரம் கூர்மையாகவும் நிறம் செவ்வூதாவாகவும் இருந்து, அண்மையில் போர்டோ கலவையோ வேறு செம்பு மருந்தோ தெளித்திருந்தால், அது மருந்தால் ஏற்பட்ட சுடுபுண். இந்த ஊரில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் இலைத்துரு நோய்க்கு மழைக்கு முன் போர்டோ கலவை அடிப்பது வழக்கம்; மீந்ததை ரோஜாவுக்கும் அடித்துவிடுகிறார்கள். குளிர்ந்த ஈர நாட்களில் செம்பு ரோஜா இலையைச் சுடும். அந்தப் புண்ணைக் கரும்புள்ளி என்று எண்ணி மறுபடியும் செம்பு தெளித்து, செடியை முழுவதும் மொட்டையாக்கிய தோட்டத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இந்த நோயின் வித்துக்கள் முளைத்து இலைக்குள் நுழைய, இலை ஏறத்தாழ 7 மணி நேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை தாமாக விளங்கும். ஏற்காட்டு மூட்டம் இரவில் இறங்கி, காலை பத்து மணிக்கும் இலையில் நீர் நிற்கிறது; அதனால் நோய் வருகிறது. சேலத்தில் அதே செடிக்கு இந்நோய் வட கிழக்குப் பருவமழையின்போதோ, மாலையில் இலை மேல் தண்ணீர் ஊற்றும் வீடுகளிலோதான் வருகிறது. எனவே இலை விரைவில் காய வழி செய்வதே முதல் வேலை. பார்வைக்குச் செறிவாக இருக்கட்டும் என்று ஓர் அடி இடைவெளியில் நடுவதுதான் சிறு தோட்டங்களில் எல்லோரும் செய்யும் தவறு. குட்டை ரகமானாலும் செடிக்குச் செடி 50 முதல் 60 சென்டிமீட்டர் விட வேண்டும். எங்கள் பாத்தியில் முதலில் பதினோரு செடிகள் நட்டிருந்தேன்; இரண்டைப் பெயர்த்துப் பின்கட்டுக்குக் கொண்டுபோன ஆண்டில்தான் மற்ற ஒன்பதும் நவம்பரைத் தாண்டி இலையோடு நின்றன.

நோய் மழைத் துளி தெறிப்பதால் பரவுகிறது. விழுந்த இலையில் அது தங்கியிருக்கும், துளி விழுந்து தெறிக்கும்போது அடி இலைக்கு ஏறும். ஆகையால் விழுந்த இலைகளைப் பொறுக்கி எரிப்பதும், தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரையுள்ள அடி இலைகளை மே மாதத்திலேயே கிள்ளிவிடுவதும், தரையில் மூடாக்கு இடுவதும் மருந்தைவிட முக்கியம். மூடாக்குக்கு இங்கே காபித் தொலி தாராளமாகக் கிடைக்கிறது. ஓர் ஆண்டு மக்கிய தொலியை இரண்டு அங்குலம் பரப்பினால் போதும், தண்டை ஒட்டி மட்டும் நான்கு விரல் இடம் விட வேண்டும். இதற்கு மேலும் நோய் வந்தால், லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் என்ற பூசணக்கொல்லியை மழைக்கு முன்பே தெளிக்கத் தொடங்கி, 10 முதல் 14 நாள் இடைவெளியில், இடையே ஒரு முறை லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் மாற்றித் தெளிக்கலாம். இலையின் அடிப்புறமும் நனைய வேண்டும். புள்ளி விழுந்த இலை மருந்தால் மீள்வதில்லை. அது புது இலையைக் காப்பதற்கு மட்டுமே.

தளிரிலும் மொட்டுக் காம்பிலும் மாவு பூசியதுபோல் இருக்கிறது

சாம்பல் நோய் என்று இதற்குப் பெயர். ஈரத்தால் வருகிறது என்றே பலரும் கருதுகிறார்கள், உண்மை நேர்மாறானது. இதன் வித்து முளைக்க இலை மேல் நீர் வேண்டியதில்லை, நீர் நின்றால் முளைப்பதே தடைப்படும். பகல் வறண்டும் இரவு குளிர்ந்து காற்றில் ஈரப்பதம் கூடியும் இருக்கும் பருவம் இதற்குப் பிடிக்கும். மலையில் ஜனவரி முதல் மார்ச் வரை, சேலத்தில் மார்கழி, தை. யூரோப்பியானாவுக்கு இந்நோய் எளிதில் பிடிக்கும். ஜெர்மனியின் கார்டஸ் பண்ணை 1959இல் தந்த லில்லி மார்லீனும் குட்டையான சிவப்புதான். இரண்டும் கிடைத்தால் நான் அதையே தேர்ந்தெடுப்பேன்.

நோய் தொடங்கும்போதே காலை வேளையில் தளிர்களைத் தண்ணீரால் கழுவிவிட்டு, வெயிலில் காயவிட்டாலே பாதி அடங்கும். மீதிக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். வெப்பம் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் கந்தகம் இலையைக் கருக்கும் என்பதால் சேலத்தில் பிப்ரவரிக்குப் பிறகு அதைத் தொடவே கூடாது. வேப்பெண்ணெய் தெளித்த மூன்று வாரத்துக்குள்ளும் கந்தகம் தெளிக்கக்கூடாது. தழைச்சத்து மிகுந்து வளரும் பூந்தளிர்தான் இந்நோய்க்கு முதல் இரை. ஆதலால் மழை முடிந்ததும் கடலைப் புண்ணாக்குக் கரைசலை ஊற்றிச் செடியைத் துள்ளவைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும்.

இலை செம்பட்டையாகி, மணல் தூவியதுபோல் புள்ளியாக இருக்கிறது

இது சேலத்துக் கோடைக்கு உரியது. மார்ச் முதல் ஜூன் வரை. இலையின் பச்சை மங்கி, வெள்ளைப் புள்ளிகள் நெருங்கி, பிறகு இலை முழுவதும் செம்பட்டை படிந்து உதிரும். ஒரு வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்து மேலிருந்து தட்டினால், மிளகாய்த் தூள் அளவுள்ள புள்ளிகள் தாளில் ஊர்ந்து நகரும். அவை சிவப்புச் சிலந்திப் பேன்கள். வெப்பமும் புழுதியும் வறட்சியும் சேரும் இடத்தில், குறிப்பாக வெயில் பட்டுத் திரும்பும் சுண்ணாம்புச் சுவரை ஒட்டிய செடியில், இவை ஒரு வாரத்தில் பெருகிவிடும்.

குழாயின் வாயை விரலால் அழுத்தி, விசையாக வரும் தண்ணீரை இலையின் அடிப்புறத்தில் மூன்று நாளுக்கு ஒருமுறை காலையில் பீய்ச்சுவதே சிறந்த மருந்து. பூச்சிக்கொல்லிகளை இதற்கு அடிப்பது தீங்காகவே முடியும். சிலந்திப் பேன் பூச்சியினம் அன்று, அந்த மருந்துகள் பேனைத் தின்னும் நல்ல உயிர்களை மட்டும் கொன்றுவிடும். தண்ணீர் போதாவிட்டால் வேப்பெண்ணெய் 5 மில்லியை சோப்புக் கரைசலில் கலந்து 1 லிட்டராக்கி மாலையில் தெளிக்கலாம். தங்கை, வேரைத் தாக்கும் நூற்புழுவை விரட்ட நல்லது என்று ரோஜாவை ஒட்டி வரிசையாகச் செண்டுமல்லி வைத்திருந்தாள். நூற்புழுவை விரட்ட அது நல்லதுதான். ஆனால் சிலந்திப் பேனுக்குச் செண்டுமல்லி விருப்பமான வீடு, காயத் தொடங்கியதும் அங்கிருந்து எல்லாம் ரோஜாவுக்கு ஏறின. கோடை வருவதற்கு முன் செண்டுமல்லியைப் பிடுங்கிவிட வேண்டும்.

மொட்டு வருகிறது, ஆனால் அவிழவில்லை

மலையில் மொட்டின் வெளியிதழ்கள் பழுப்பேறித் தோல்போல் ஒட்டிக்கொண்டு, உள்ளிதழ்கள் நன்றாயிருந்தும் வெளிவர முடியாமல் அழுகும். தொடர்ந்த மூட்டத்தில் நனைந்த இதழ், சற்றே வெயில் அடித்ததும் காய்ந்து ஒட்டிக்கொள்வதால் இது நேர்கிறது. வெளியிதழ் இரண்டை விரலால் மெல்ல உரித்துவிட்டால் சில மொட்டுகள் அவிழ்ந்துவிடும். அதன்மேல் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்துவிட்டால் கொத்தையே வெட்டி அகற்றி எரிக்க வேண்டும். செடியிலேயே விட்டால் காம்பு வழியாகத் தண்டுக்கு இறங்கும்.

சேலத்தில் அவிழாத மொட்டின் இதழோரம் கீறல் விழுந்து கோணலாக இருந்தால், ஒரு மொட்டைப் பிரித்துத் தாளில் உதறிப் பார்க்க வேண்டும். ஊசிமுனை போன்ற மெலிந்த பூச்சிகள் விழுந்தால் அவை இலைப்பேன்கள். பாதித்த மொட்டுகளை அன்றன்றே கிள்ளி, சோப்புத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் போடுவதும், வேப்பெண்ணெய் தெளிப்பதும் போதுமானவை.

நோயே இல்லாமலும் கொத்து அழகற்றுப் போவதுண்டு. ஃபுளோரிபண்டாவின் கொத்தில் நடுமொட்டு முதலில் பூத்து, மற்றவை விரியும்போது அது வாடிப்போய் நடுவில் பழுப்பாக நிற்கும். மொட்டுகள் பட்டாணி அளவுக்கு வந்ததும் நடுமொட்டைக் கிள்ளிவிட்டால் சுற்றியுள்ளவை ஏறத்தாழ ஒரே நாளில் விரியும். செலவில்லாத இந்த வேலை ஒன்றினால்தான் மே மாதக் கோடை விழாவின்போது சாலையில் போகிறவர்கள் எங்கள் வேலியருகே நிற்கிறார்கள்.

சிவப்பு கருகுகிறது, அல்லது நீலம் பாய்கிறது

கருஞ்சிவப்பு இதழ் வெயிலின் வெப்பத்தை மிகுதியாக உறிஞ்சும். சேலத்து ஏப்ரல் வெயிலில் இதழோரம் நெருப்பில் காட்டியதுபோல் கருகுவது நோயல்ல. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு நிழல் விழும் இடத்துக்குச் செடி போக வேண்டும், அல்லது கோடை மூன்று மாதத்துக்கு நிழல்வலை வேண்டும். பூ முதிரும்போது சிவப்பு ஊதா சாய்வது இதழ்ச் சாற்றின் அமிலத்தன்மை குறைவதால் வருவது. வெப்பம் கூடிய இடத்தில் விரைவில் வரும். செம்மஞ்சள் சாயலுள்ள சிவப்பு ரகங்களில் இது குறைவு. மலையில் குளிரினால் நிறம் ஆழமாகிறது, ஆதலால் ஏற்காட்டுப் பூவின் நிறத்தைச் சேலத்தில் எதிர்பார்க்கக்கூடாது. என் தங்கைக்கு இதில் மனவருத்தம் உண்டு; நான் என்ன உரம் போடுகிறேன் என்று இன்றும் கேட்கிறாள்.

குட்டையாக இருக்க வேண்டிய செடி உயர்ந்துபோகிறது, பூக்கவில்லை

டென்மார்க்கில் பவுல்சன் குடும்பத்தார், சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும் பாலியாந்தா ரோஜாவைப் பெரிய பூவுள்ள ஹைப்ரிட் டீ ரோஜாவோடு இணைத்து உருவாக்கிய வழியில் வந்தவை ஃபுளோரிபண்டாக்கள். 1924இல் வந்த எல்சே பவுல்சன் என்ற ரகம் அவற்றின் முன்னோடிகளில் ஒன்று. தொடர்ந்து கொத்துக் கொத்தாகப் பூப்பதே இவற்றின் இயல்பு. அந்த இயல்பு நடப்பதற்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். ஏற்காட்டில் சில்வர் ஓக் மரங்களின் நிழல் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே வருவதை வீட்டுக்காரர் கவனிப்பதில்லை. ஐந்து ஆண்டுக்கு முன் வெயில் பட்ட பாத்தி இன்று நிழலாகி, செடி ஒளியைத் தேடி நீண்டு மெலிகிறது. நுனியில் மொட்டே வைக்காமல் இலையோடு நின்றுவிடும் தளிர்களும் இதனால்தான் பெருகுகின்றன. அத்தகைய தளிரைப் பாதியளவில், வெளிநோக்கிய தடித்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அடுத்த தளிர் பூக்கும். மரத்தின் கீழ்க்கிளைகளைக் கழித்தால் எல்லாத் தளிர்களும் பூக்கும்.

பூத்து முடிந்த கொத்தைத் தனித்தனிப் பூவாகக் கிள்ளாமல், முதல் முழு இலை வரை கொத்தாகவே வெட்டிவிட வேண்டும். வெட்டிய நாளிலிருந்து அடுத்த பூவுக்குச் சேலத்தில் ஆறு வாரமும் ஏற்காட்டில் எட்டு வாரமும் ஆகின்றன என்பது என் குறிப்பேட்டிலுள்ள கணக்கு. பெருங்கவாத்து சேலத்தில் அக்டோபர், நவம்பரில் மழை இடைவெளி பார்த்துச் செய்யலாம்; மலையில் மூட்டம் ஓய்ந்த ஜனவரிக்கு முன் கத்தரியை எடுக்காமலிருப்பது நல்லது. ஹைப்ரிட் டீயைப்போல் தரையோடு வெட்டிவிடாமல், உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, பழைய மரத்தண்டு ஒன்றிரண்டை மட்டும் அடியோடு எடுத்தால் செடி உருண்டையாகத் திரும்பும்.

கிளை நுனியிலிருந்து கருகிக் கீழே இறங்குகிறது

கவாத்து செய்த மூன்றாவது நான்காவது வாரத்தில், வெட்டிய இடம் கருத்து, கருமை கணுக்கணுவாக இறங்கினால் நுனிக்கருகல் நோய். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாத கோளாறு இது ஒன்றுதான். அடித்தண்டை எட்டிவிட்டால் செடியே போய்விடும். கருமை முடியும் இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே, தண்டின் உள்நடு வெண்மையாகத் தெரியும் வரை வெட்ட வேண்டும். நடுவில் பழுப்பு வட்டம் தெரிந்தால் இன்னும் கீழே போக வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை டெட்டால் கலந்த நீரில் துடைத்துவிட்டு, வெட்டுவாயில் போர்டோ பசை தடவ வேண்டும். மழைக்காலத்தில் வெட்டியதாலோ, கணுவுக்கு மேல் நீண்ட முளைக்குச்சி விட்டதாலோ, மழுங்கிய கத்தரி தண்டை நசுக்கியதாலோதான் பெரும்பாலும் இது தொடங்குகிறது.

சிவப்புச் செடி வெள்ளையாகப் பூக்கிறது

இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் செடி மாறிவிட்டது என்றே நம்புகிறார்கள். மாறியது செடியல்ல, ஒட்டுக்குக் கீழேயிருக்கும் வேர்ச்செடி தளிர்விட்டு, மேலிருக்கும் சிவப்பு ரகத்தை நெருக்கிவிட்டது. மல்டிஃபுளோரா வேர்ச்செடியாக இருந்தால் சிறுசிறு வெள்ளைப் பூக்கள் கொத்தாக வரும். எட்வர்டு ரோஜா மேல் ஒட்டியதாக இருந்தால் இளஞ்சிவப்பு. இலைக்கூறு ஏழு இருந்தால் வேர்த்தளிர், ஐந்து இருந்தால் நல்ல தளிர் என்று சொல்வார்கள். ஃபுளோரிபண்டாவிலும் ஏழு வருவதுண்டு என்பதால் அதை நம்பி வெட்டக்கூடாது. மல்டிஃபுளோராவின் இலைக்காம்பு அடியிலுள்ள சிறு செதில் சீப்புப் பல்போல் கிழிந்திருப்பது நல்ல அடையாளம். ஆனாலும் மண்ணை விலக்கி, தளிர் ஒட்டுமுடிச்சுக்குக் கீழேயிருந்து புறப்படுகிறதா என்று கண்ணால் பார்ப்பதே முடிவான சோதனை. கீழேயிருந்து வந்தால் கத்தரியால் வெட்டாமல், அடியைப் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்க்க வேண்டும். வெட்டினால் எஞ்சிய கணுக்களிலிருந்து நான்காக முளைக்கும்.

நட்ட சில வாரத்தில் வாடுகிறது

பாலித்தீன் பையில் வரும் செடியின் வேர் இறுகிய செம்மண் கட்டிக்குள் இருக்கிறது. சுற்றியுள்ள மண் ஈரமாயிருந்தும் கட்டி காய்ந்தே கிடப்பதுண்டு. நடுவதற்கு முன் பையோடு ஒரு வாளி நீரில், குமிழி நிற்கும் வரை அமிழ்த்தி வைத்து, ஓரத்து மண்ணை மெல்ல உதிர்த்துவிட்டு நட வேண்டும். ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடா இன்னும் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அது தண்டு பருக்கப் பருக்க இறுக்கி, ஆறு மாதம் கழித்துக் காரணம் தெரியாமல் செடியைச் சாகடிக்கும். சேலத்துச் செம்மண்ணில் வாடிய செடியைப் பிடுங்கும்போது வேர்ப்பட்டை மண்பூச்சோடு உரிந்து வந்தால் கரையான். குழிக்கு 100 கிராம் வேப்பம்புண்ணாக்கு போட்டு அடுத்ததை நடலாம்.

இலையில் ஓட்டை

முதல் கோடை மழைக்குப் பிறகு ஒரே இரவில் இலையும் பூவும் சல்லடையானால் அவை வண்டுகள். இரவு எட்டு மணிக்கு விளக்கோடு போய்க் கையால் பொறுக்கினால் நான்கைந்து இரவில் அடங்கிவிடும். கொத்து கொத்தாகப் பூ மட்டும் காணாமல்போனால் குரங்கு, பாத்தியே மிதிபட்டிருந்தால் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் காட்டெருமை. இரண்டுக்கும் வேலியைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. இலையோரம் கத்தரியால் நறுக்கியதுபோல் சுத்தமான அரைவட்டங்களாக வெட்டப்பட்டிருந்தால், அது தன் கூட்டுக்கு இலை கொண்டுபோகும் சிறு தேனீயின் வேலை. அதற்கு மருந்து வேண்டாம்; செடிக்கு அதனால் குறையொன்றும் வராது, ஆண்டுக்குச் சில வாரம் வந்து வெட்டிவிட்டு அதுவாகவே போய்விடும்.